ஒரே கை திரித்த நான்கு வில்நாண்கள்: மருள், எருக்கு, சணப்பை, பட்டு

சென்ற ஆண்டு ஆடி மாதம், அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்குச் சென்றிருந்தேன். குதிரைகளும் காங்கேயம் காளைகளும் நின்றிருந்த வரிசைகளைத் தாண்டிப் போனால் கயிற்றுக் கடைகள் வரும். பெரும்பாலான கடைகளில் பச்சையும் நீலமுமாக நைலான் கயிறுகளே தொங்கிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு பெரியவர் மட்டும் சாக்கு விரித்து, மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, தாம்பு என்று எல்லாவற்றையும் நாரிலேயே திரித்து அடுக்கியிருந்தார். வில்லுக்கு நாண் திரித்துத் தர முடியுமா என்று அவரிடம் கேட்டேன். அவர் விலை சொல்லவில்லை. முடியும் முடியாது என்றும் சொல்லவில்லை. "வில்லு எத்தனை கிலோ இழுக்குமுங்க? எத்தனை அடி நீளம்?" என்று கேட்டார். அதற்கு முன்பு ஆறேழு இடங்களில் நாண் வாங்கியிருக்கிறேன். முதல் கேள்வியாக இதைக் கேட்டவர் இவர் ஒருவர்தான். அந்த இடத்திலேயே நான்கு வகை நாரில் நான்கு நாண்கள் வேண்டும் என்று சொல்லி முன்பணம் கொடுத்தேன். அவற்றை ஓராண்டு பயன்படுத்திப் பார்த்த பிறகு எழுதும் மதிப்புரை இது.

என் வில் கல்மூங்கிலால் ஆனது. ஐந்தரை அடி நீளம். முழுதாக இழுக்கும்போது 30 பவுண்டு, அதாவது 13.6 கிலோ. கோவையில் நூற்பாலை ஒன்றின் நூல் பரிசோதனைப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், இழை, முறுக்கு, நீட்சி ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பார்க்காமல் எதையும் வாங்குவது எனக்கு வழக்கமில்லை. அப்படி இருந்தும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் "தூய ஆளிநார் நாண்" என்ற பெயரில் ஒன்றை வாங்கி ஏமாந்தேன். நிறமும் சொரசொரப்பும் லினனைப் போலவே இருந்தன. பிரித்து ஒரு இழையைத் தீக்குச்சியில் காட்டியபோது அது சுருங்கி உருகி, கறுத்த கெட்டி மணியாக நின்றது. செடி நாராக இருந்தால் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பல்தான் மிஞ்ச வேண்டும். பட்டாக இருந்தால் முடி கருகும் நாற்றம் அடிக்கும். மிஞ்சும் கறுப்பு உருண்டை விரலில் நசுக்கியதும் பொடியாகிவிடும். நசுங்காமல் கல்போல் நின்றால் அது பாலியெஸ்டர் அல்லது நைலான். நாண் வாங்குகிற எவரும் முனையில் ஒரு சிறு இழையை எடுத்து இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பேன். பெரியவர் தந்த நான்கு நாண்களும் இதில் தேறின.

நாருக்கு வலிமை இருந்தால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். நானும் முன்பு அப்படித்தான் எண்ணினேன். நாணுக்கு வலிமை அடிப்படைத் தேவைதான். அம்பு புறப்படும் நொடியில் வில்லின் இரு பாதிகளும் சட்டென்று நிற்கின்றன. அப்போது நாணில் ஏறும் இழுவிசை நாம் கையால் இழுத்த எடையைப் போலப் பல மடங்கு ஆகும். அதனால் வில்லின் இழுவை எடையில் குறைந்தது நான்கு மடங்கையாவது நாண் தாங்க வேண்டும். ஆனால் எந்த நாரையும் தேவையான அளவு தடிமனாகத் திரித்தால் இந்த வலிமையை எட்டிவிடலாம். தடிமன் கூடினால் எடை கூடும்; நாணின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அம்போடு சேர்ந்த கூடுதல் சுமையைப் போல அதன் வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே குறைந்த எடையில் போதிய வலிமை தருகிற நாராகவும், இழுத்தால் நீளாத நாராகவும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாண் நீண்டு கொடுத்தால் வில் சேர்த்து வைத்த விசையில் ஒரு பகுதி நாணை நீட்டுவதிலேயே போய்விடும். வில்லின் கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியும் நாளுக்கு நாள் சுருங்கி, அம்பு ஒரே இடத்தில் போய் விழாது.

நூற்பாலையில் படித்த பாடம் இங்கேதான் எனக்கு உதவியது. எம்.சி.யு. 5 போன்ற நல்ல பருத்தி ரகத்தில்கூட ஓர் இழையின் நீளம் 3 சென்டிமீட்டரைச் சுற்றியே இருக்கும். அவ்வளவு குட்டை இழைகள் ஒன்றையொன்று பற்றி நிற்க வேண்டுமானால் முறுக்கை நிறைய ஏற்ற வேண்டும். முறுக்கு ஏற ஏற நூல் சுருள்வில்லைப் போல நீண்டு சுருங்கத் தொடங்குகிறது. ஓர் எல்லைக்கு மேல் வலிமையும் குறைகிறது. இரண்டடி, மூன்றடி நீளமுள்ள நாருக்கு அந்தத் தொல்லை இல்லை. மிகக் குறைந்த முறுக்கிலேயே அது பிடித்துக்கொள்வதால், நாணில் நார்கள் ஏறத்தாழ நேராகவே கிடக்கும். நாண் நீளாமல் இருப்பதற்கு நாரின் நீளமே முதற் காரணம் என்பது இந்த நான்கையும் ஒன்றாகப் பயன்படுத்திய பிறகு எனக்கு உறுதியாகிவிட்டது.

முதலில் மருள். நம் பக்கத்தில் கிளுவை வேலிகளின் அடியிலும் புதர் நிழலிலும், புள்ளியும் வரியுமாகக் கத்திபோல் நிமிர்ந்து நிற்கும் செடி இது. பழைய தமிழில் மரல் என்பார்கள். நகர வீடுகளில் தொட்டியில் வைத்து வளர்க்கும் பாம்புக் கற்றாழை இதன் நெருங்கிய உறவு; அது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, இது நம் மண்ணுக்கே உரியது. வடமொழியில் மூர்வா என்று வழங்கும் நாரிலிருந்தே மௌர்வி என்ற சொல் நாணுக்குப் பெயராயிற்று. மருளை மூர்வா என்று கொள்வாரும் உண்டு. ஆங்கிலேயரும் இதற்கு வில்நாண் சணல் என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். வேலையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு நாள் பவானிசாகர் பக்கம் இருக்கும் பெரியவரின் களத்துக்குப் போனேன். சத்தியமங்கலம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம் என்பதால் காட்டுக்குள் அவர் கை வைப்பதில்லை. தோட்டத்து வேலிகளில் உரிமையாளரிடம் கேட்டுத்தான் அறுக்கிறார்.

ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, இலையின் அடிப்பகுதியைக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு, முனை மழுங்கிய இரும்புத் தகட்டால் மேலிருந்து கீழாகச் சீவினார். பச்சைச் சதை நுரைத்து வழிந்து வெளியேற, வெண்பட்டு போல மின்னும் நார்க் கற்றை ஒன்று பலகையில் ஒட்டி நின்றது. இலையைத் தண்ணீரில் ஊறவைத்தால் வேலை எளிதாகுமே என்று கேட்டேன். "ஊறப்போட்டா நாரு நெறம் மங்கி நஞ்சு போயிருமுங்க. பச்சையாவே சீவோணும், சீவின கையோட அலசி நெழல்ல காயப் போடோணும்" என்றார். ஒரு கட்டு இலையைச் சீவி முடித்தபோது கிடைத்தது ஒரு சிறு பிடி நார்தான். அலசிய நாரை விரலால் கோதி, குட்டையானவற்றையெல்லாம் மூக்கணாங்கயிற்றுக்கு என்று ஒதுக்கிவிட்டு, இரண்டடிக்கு மேல் இருந்தவற்றை மட்டும் நாணுக்கு எடுத்தார். இந்தப் பொறுக்கல்தான் அவர் நாணின் தரத்துக்கு அடிப்படை என்பது என் எண்ணம்.

திரிப்பு மூன்று பிரி. ஒவ்வொரு பிரியையும் வலப்பக்கம் லேசாக முறுக்கி, மூன்றையும் சேர்த்து இடப்பக்கம் எதிர்முறுக்கு ஏற்றுகிறார். புதிய நாரைச் சேர்க்கும்போது மூன்று பிரிகளிலும் ஒரே இடத்தில் சேர்க்காமல் ஒரு சாண் தள்ளித் தள்ளிச் சேர்ப்பதால் எங்கும் முடிச்சுபோலத் தடிக்கவில்லை. ஐந்தேகால் அடி நாண் 11 கிராம் எடை இருந்தது. முதல் இருபது அம்புகள் வரை சற்றே நீண்டு கொடுத்தது; ஒரு முறை கழற்றி இரண்டு சுற்று முறுக்கேற்றினேன். அதன் பிறகு கட்டைவிரலை நீட்டிப் பிடித்த முட்டியின் அளவில் வைத்த இடைவெளி, மாதக்கணக்கில் நகரவில்லை. இரண்டாயிரம் அம்புகளுக்கு மேல் விட்டிருக்கிறேன். அம்பு பொருந்தும் இடத்தில் நாணின் மேல் சுற்றும் நூலான நடுச்சுற்றை மட்டும் இரண்டு முறை மாற்றினேன். இதற்குக் கொடுத்த விலை 450 ரூபாய்.

குறை இல்லாமலும் இல்லை. மேல் கண்ணியை அவர் மாட்டுக் கயிற்றின் பழக்கத்தில் தடிமனாக முடைந்துவிட்டார். வில்லின் முனையில் நாண் மாட்டும் வெட்டான குதையில் அது முழுதாக அமராததால், என் வில்லில் குதையை அரத்தால் சற்று அகலப்படுத்த நேர்ந்தது. நார் முனைகள் நாணிலிருந்து மீசைபோல நீட்டிக்கொண்டிருந்து முன்கையில் உரசின. ஈரத்துணியால் நீவி, மெழுகு தேய்த்த பிறகே அது அடங்கியது. வில்லுக்குத் தெரிந்த கைக்கும் கயிற்றுக்குத் தெரிந்த கைக்கும் உள்ள வேறுபாடு இது, சொன்னால் திருத்திக்கொள்கிறார்.

எருக்கு நாணைப் பற்றி எனக்கு எதிர்பார்ப்பு மிக அதிகமாக இருந்தது. ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் யாரும் சீண்டாமல் நிற்கும் எருக்கின் தண்டுப் பட்டையில், பட்டுக்கு நிகராக மெல்லிய வெண்ணிற நார் இருக்கிறது. முன்காலத்தில் தூண்டில் கயிற்றுக்கும் வில்நாணுக்கும் இதைப் பயன்படுத்தினார்கள். நேராக வளர்ந்த தண்டுகளை வெட்டி ஒரு நாள் வாடவிட்டு, தட்டிப் பட்டையை உரித்து, விரல் நகத்தால் நாரைப் பிரித்தெடுக்க வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு என்பதால், அவருடைய மருமகள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு இந்த வேலையைச் செய்தார். இவ்வளவு உழைப்புக்கும் 900 ரூபாய் என்பது அதிகமில்லை. நாண் 9 கிராம்தான். தொட்டால் மழமழப்பு, இழுத்தால் உறுதி. ஆனால் நார் குட்டையானது என்பதால் முறுக்கு அதிகம். நீட்சியும் அதற்கேற்பச் சற்று அதிகம். மூன்றாம் மாதம், அறுநூறு அம்புகளை நெருங்கிய ஒரு காலையில், கீழ்க்குதையில் முடிச்சு உரசும் இடத்தில் அறுந்துபோனது. இழுத்துப் பிடித்திருந்த வில் வெறுமையாகத் திரும்பியதில், மேல் பாதியின் உட்புறத்தில் மெல்லிய கோடாக ஒரு விரிசல் விழுந்துவிட்டது. அறுந்த முனையைப் பிரித்துப் பார்த்தபோது, மூன்று பிரிகளிலும் சேர்ப்பு ஒரே இடத்தில் வந்திருப்பது தெரிந்தது. மருளில் அவ்வளவு கவனமாக இருந்த கை இதில் தவறியிருக்கிறது. நான் அதை எடுத்துக் காட்டியபோது பெரியவர் வாதாடவில்லை. வாங்கி விளக்கு வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார். நாரின் குறையன்று இது என்பதால் எருக்கை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஆயினும் முடிச்சு விழும் இடத்தில் தனி நார் வைத்துத் தடித்துத் தராவிட்டால் இதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

சணப்பை நாண் 300 ரூபாய். நாம் பசுந்தாள் உரத்துக்கு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழும் அதே சணப்பைதான். முற்றவிட்டு அறுத்துத் தண்ணீரில் ஊறவைத்து நார் எடுக்கிறார்கள். நீட்சி குறைவு, நனைந்தாலும் வலு குறையாது, 12 கிராம் எடை. பழகுவோருக்கு இதுவே போதும். அதற்கு மேல் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

பட்டைத்தான் நான் நீண்ட நாள் யோசித்துப் பார்த்தேன். தனி இழையாகச் சோதித்தால், அறுவதற்கு முன் பட்டு ஐந்தில் ஒரு பங்கு வரை நீளக்கூடியது. ஆளியோ நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான் நீளும். இந்தக் கணக்கின்படி பட்டு நாணுக்கு ஆகவே கூடாது. ஆனால் துருக்கியரும் சீனரும் தங்கள் வலிய கொம்பு விற்களுக்குப் பட்டு நாண்களையே விரும்பினார்கள். இந்த முரணுக்கு விடை பட்டு நீளும் முறையில் இருக்கிறது. அது தொடக்கத்திலிருந்தே ஒரே சீராக நீள்வதில்லை. பளு குறைவாக இருக்கும் வரை விறைப்பாக நின்று, ஓர் எல்லையைத் தாண்டிய பிறகே இளகி நீளத் தொடங்குகிறது. அந்த எல்லைக்கு வெகு கீழேயே பளு நிற்கும்படி, வில்லின் இழுவை எடையைப் போல ஐந்து மடங்கு வலுவாகக் கட்டிவிட்டால், நீட்சி பெரும் தொல்லையாவதில்லை. பட்டுக்கு அது கட்டுப்படியாகும். ஒரு கூட்டிலிருந்து ஓராயிரம் மீட்டரை ஒட்டித் தொடர்ச்சியாக வரும் இழை என்பதால், சேர்ப்பும் முறுக்கும் மிகக் குறைவாகவே வேண்டியிருக்கும்.

பெரியவருக்குப் பட்டு பழக்கமில்லை. கோபிசெட்டிபாளையம் பக்கம் விளைந்த கூடுகளிலிருந்து நூற்ற 20/22 டெனியர் (9,000 மீட்டர் இழை 20 முதல் 22 கிராம் எடை) கச்சாப் பட்டை நானே வாங்கிக் கொடுத்தேன். இந்த அளவில் ஓர் இழை 75 கிராம் பளுவை ஒட்டி அறும். ஐந்து மடங்கு கணக்குப் போட்டால் ஏறத்தாழ 900 இழைகள் வருகின்றன. முறுக்கில் போகும் வலிமையையும் ஈடுகட்ட 1,600 இழைகள் வைத்தோம். பட்டின் மேல் இயல்பாகவே இருக்கும் பசையைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து நீக்கினால் எடையில் கால்பங்கு வரை போய்விடும். வலிமை உள்ளிழையில்தான் இருக்கிறது. எடைக் கணக்கில் பட்டு வாங்குவோர் இதை மறந்துவிடக் கூடாது. நாங்கள் பசையை நீக்காமல், வெந்நீரில் நனைத்து இழுத்துக் கட்டி உலரவிட்டோம். அந்தப் பசையே இழைகளை ஒட்டிப் பிடித்து, நாணை மெல்லிய கம்பியைப் போல ஆக்கிவிட்டது. எடை 6 கிராம்.

நான்கையும் வீட்டு வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டு, 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு மைப்புள்ளிகள் வைத்து, 50 கிலோ சிமெண்ட் மூட்டையோடு 5 கிலோ படிக்கல்லும் சேர்த்து ஓர் இரவு முழுவதும் கட்டித் தொங்கவிட்டேன். காலையில் புள்ளிகளுக்கு நடுவே மருள் 1.4 சென்டிமீட்டரும், சணப்பை 1.6 சென்டிமீட்டரும், எருக்கு 2 சென்டிமீட்டரும், பட்டு 3 சென்டிமீட்டரும் கூடியிருந்தன. எதுவும் அறவில்லை. (எருக்கு அறுந்தது இந்தச் சோதனைக்குப் பிறகு, முடிச்சு உரசலால். தொங்கவிட்டுப் பார்க்கும் சோதனை உரசலைக் காட்டித் தராது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.) இருபது மீட்டர் தொலைவில் வைக்கோல் இலக்கில் ஒரே அம்புகளை விட்டுப் பார்த்தபோது, பட்டு நாணில் அவை மருளைவிட மூன்று விரற்கடை மேலே குத்தின. எடை குறைவின் பயன் அது. நாணொலியும் வேறு: பட்டு ரீங்கரிக்கிறது; மருள் தாழ்ந்த குரலில் ஒரு முறை தட்டிவிட்டு அடங்குகிறது.

எனினும் நம் ஊர்க் காற்றில் எனக்கு அன்றாடம் கைகொடுப்பது மருளே. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பட்டு வலுவிழக்கிறது. வெயிலில் நெடுநேரம் கிடந்தால் மஞ்சளித்து நலிகிறது. பருத்தி நூலுக்கு ஆலையில் ஈரப்பதம் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு, செடி நார்களில் பலவும் ஈரத்தில் உறுதியாவது புதிய செய்தியன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும் நாட்களிலும், பங்குனி, சித்திரை வறட்சியிலும் நார் மொடமொடவென்று ஆகும் என்பதுதான் எதிர்ப்பக்கம். அப்போது தேன்மெழுகு தேய்த்து, ஒரு தோல் துண்டால் சூடேறும் வரை நீவிவிட்டால் போதும். ஜப்பானியர் சணல் நாணுக்குப் பைன் பிசினை எண்ணெயில் காய்ச்சிப் பூசுகிறார்கள். நம் வெயிலில் பிசின் இளகி விரலில் ஒட்டும் என்று எண்ணி நான் மெழுகோடு நிறுத்திக்கொண்டேன்.

வேறு நார்களில் திரித்துத் தரச் சொல்லியும் கேட்டேன். தென்னை நாரை அவர் உடனே மறுத்துவிட்டார். கிணற்றுக் கயிற்றுக்கு நல்லதான அதன் இழுபடும் குணம் நாணுக்கு நஞ்சு. ஆனைக்கற்றாழை நார் வலியது, நீளமானது. ஆனால் விறைப்பால், கண்ணியில் மடியும் இடத்தில் முறிகிறது. புளிச்சை நாரைக் கட்டிலுக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார். பஞ்சு கொட்டுபவர்களின் வில்லில் இருந்த குடல் நரம்பைப் பற்றிக் கேட்டபோது, அது காய்ந்த இடத்தில்தான் நிற்கும், மழைக்காலத்தில் தொய்ந்துவிடும் என்றார். அவர் மறுத்த நார்களின் பட்டியலே, அவரிடம் நம்பி வாங்கலாம் என்பதற்கு எனக்குப் போதுமான சான்று.

சொன்ன தேதிக்கு ஆறு வாரம் தாமதமாகத்தான் தந்தார். இலை முற்ற வேண்டும், மழை விட வேண்டும், நார் நிழலில் காய வேண்டும் என்றால் இந்தத் தாமதம் தவிர்க்க முடியாதது. அவசரக்காரர்கள் கேட்க வேண்டாம். பட்டைத் திரித்த கூலியாக 500 ரூபாய் வாங்கினார். பட்டு என் செலவு. எருக்குக்குத் திருப்பித் தர வந்த 900 ரூபாயை அடுத்த வேலைக்கு முன்பணமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இந்த முறை மருளில் இரண்டு நாண்கள் கேட்டிருக்கிறேன்: ஒன்பது கிராமுக்கு மேற்படாமல், மேல் கண்ணியைச் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு மெலிதாக முடைந்து, குதையில் உரசும் இரண்டு இடங்களிலும் மிச்சமுள்ள கச்சாப் பட்டைச் சுற்றி. கண்ணியின் அளவு தவறாமல் இருக்க, வில்லின் முனையைப் போலவே செதுக்கிய ஒரு மூங்கில் துண்டையும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.